15.96 லட்சம் புகார், 86,420 வழக்கு: நடுவில் காணாமல் போனவர்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், அதாவது என்.சி.ஆர்.பி, 'இந்தியாவில் குற்றங்கள் 2023' அறிக்கையை 2025 செப்டம்பர் கடைசியில்தான் வெளியிட்டது. அடுத்த நாள் செய்திகளில் ஒரே வரிதான் சுற்றி வந்தது: சைபர் குற்றங்கள் ஒரே வருடத்தில் 31 சதவீதம் கூடிவிட்டன. 2022-இல் 65,893 வழக்குகள், 2023-இல் 86,420.

எண் சரிதான். ஆனால் அந்த எண் எதை எண்ணுகிறது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. கொஞ்ச நாளாக ராத்திரிகளில் இந்த அட்டவணைகளையும், நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சகம் கொடுத்த பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் இருப்பது கொல்லிமலையில் என்பதால், இந்தக் கணக்கை மலை மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்பதும் இதில் வரும்.

முதலில் எண்கள்

நம்மிடம் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒன்று என்.சி.ஆர்.பி: காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர் போட்ட வழக்குகளை மட்டும் எண்ணும். இன்னொன்று தேசிய சைபர் குற்றப் புகார் தளம். 2019 ஆகஸ்ட் 30-இல் தொடங்கியது. மத்திய உள்துறையின் கீழ் இருக்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம், சுருக்கமாக ஐ-ஃபோர்-சி, இதை நடத்துகிறது. 1930 என்ற உதவி எண்ணும் இதோடு இணைந்ததுதான். இங்கே எண்ணப்படுவது புகார்கள்.

இரண்டையும் வருடவாரியாக வைத்தால்:

- 2020: புகார் 2.57 லட்சம், வழக்கு 50,035
- 2021: புகார் 4.52 லட்சம், வழக்கு 52,974
- 2022: புகார் 10.29 லட்சம், வழக்கு 65,893
- 2023: புகார் 15.96 லட்சம், வழக்கு 86,420

சதவீதமாகப் போட்டுப் பாருங்கள். 2020-இல் நூறு புகாருக்கு 19 வழக்கு என்ற அளவு. 2021-இல் 12. 2022-இல் 6. 2023-இல் 5. வழக்குகள் கூடிக்கொண்டே போகின்றன, ஆனால் புகார்களோடு ஒப்பிட்டால் சுருங்கிக்கொண்டே போகின்றன. "31 சதவீதம் கூடியது" என்ற தலைப்புச் செய்திக்குள் இது ஒளிந்திருக்கிறது.

இந்தக் கணக்கை அப்படியே கணிதச் சமன்பாடு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே சம்பவத்துக்கு இரண்டு மூன்று புகார்கள் வரலாம். எதிர்த் திசையில், தளத்துக்கே வராமல் நேரடியாக நிலையத்துக்குப் போய் எஃப்.ஐ.ஆர் ஆனவையும் உண்டு. ஒரே ஆளிடம் ஏமாந்த பலரின் புகார்கள் ஒரே வழக்கில் சேரலாம். ஆனாலும் நான்கு வருடத்தில் 19-லிருந்து 5-க்கு இறங்கியதை இந்தச் சின்னச் சின்னத் திருத்தங்களால் விளக்கிவிட முடியாது.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். பக் டிராக்கரில் இருக்கும் டிக்கெட் எண்ணிக்கையும், சாஃப்ட்வேரில் இருக்கும் பக் எண்ணிக்கையும் ஒன்று இல்லை. டெஸ்டிங் டீமில் புதிதாக ஐந்து பேரைச் சேர்த்தால் அடுத்த மாதம் டிக்கெட் கூடும். புரோகிராம் மோசமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அதே மாதிரி டிக்கெட் போடுகிற பக்கம் திறக்கவே இல்லை என்றால் பூஜ்யம் காட்டும். புரோகிராம் சுத்தம் என்று அர்த்தம் இல்லை.

ஒரு புகார் வழக்காக மாறும் பாதை

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். செம்மேடு பக்கத்தில் ஒரு விவசாயி. மிளகு விற்ற பணம் 18,000 ரூபாய் வங்கிக் கணக்கில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் 'பி.எம். கிசான்' என்ற பெயரில் ஒரு ஏ.பி.கே ஃபைல் வருகிறது. அரசு உதவித்தொகை விஷயம்னு நினைத்துத் தொடுகிறார். அந்த ஆப், எஸ்.எம்.எஸ் படிக்க அனுமதி கேட்கிறது. அவர் 'சரி' கொடுக்கிறார். இனி அவருக்கு வரும் ஓ.டி.பி எல்லாம் வேறு யாருக்கோ போகும். ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் போய்விடுகிறது.

இந்த 18,000 ரூபாய் என்.சி.ஆர்.பி அட்டவணைக்குள் ஒரு எண்ணாக வர வேண்டும் என்றால் வரிசையாக நான்கு கதவுகளைத் தாண்ட வேண்டும்.

முதல் கதவு, தெரிவது. பணம் போனது அவருக்குத் தெரிய வேண்டும். எஸ்.எம்.எஸ்ஸையே அந்த ஆப் மறைத்துவிட்டால், அடுத்த முறை பாஸ்புக் பிரிண்ட் போடும்போதுதான் தெரியும். தெரிந்தாலும் அது குற்றம் என்று தோன்ற வேண்டும். "பேங்க்காரன் ஏதோ பிடிச்சிட்டான்" என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்லாதவர்கள் இன்னும் நிறைய.

இரண்டாவது கதவு, புகார். 1930-க்குப் பேச டவர் வேண்டும். மலையில் எல்லா ஊரிலும் எல்லா நேரமும் அது கிடைக்காது. பேசும்போது பரிவர்த்தனை எண், அதாவது யுபிஐ-யின் 12 இலக்க எண், எந்த வங்கி, எத்தனை மணி என்று கேட்பார்கள். பிறகு தளத்தில் விவரங்களை முழுசாகப் பதிவு செய்ய வேண்டும். அதை முடிக்கப் பெரும்பாலும் வீட்டில் படித்த பிள்ளை யாராவது இருக்க வேண்டும்.

மூன்றாவது கதவு, எஃப்.ஐ.ஆர். ஆன்லைன் புகார் தானாகவே வழக்கு ஆகிவிடாது. அது சம்பந்தப்பட்ட மாநிலப் போலீசுக்குப் போகும், அவர்கள் பார்த்து முடிவெடுப்பார்கள். நிலையத்துக்கு நேரில் போனால் நம் ஊரில் முதலில் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர் ரசீது. பலர் அதையே எஃப்.ஐ.ஆர் என்று நினைத்துப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்கிறார்கள். அது புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான சீட்டு, அவ்வளவுதான். என்.சி.ஆர்.பி அதை எண்ணாது.

நான்காவது கதவு, வகைப்பாடு. எஃப்.ஐ.ஆர் போட்டாலும், அதில் தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவைச் சேர்க்கிறார்களா, அல்லது மோசடிப் பிரிவை மட்டும் போடுகிறார்களா? இரண்டாவது வகையில் 'கணினி, செல்போன் வழியாக நடந்தது' என்று குறிக்காமல் விட்டால் அது சாதாரண மோசடி வரிசையில் போய் நிற்கும். சைபர் வரிசையில் வராது. அதோடு, ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அதில் பெரியது எதுவோ அதன் கணக்கில் மட்டும் எண்ணுவது என்.சி.ஆர்.பி-யின் வழக்கம்.

நான்கு கதவையும் தாண்டினால்தான் 86,420-இல் ஒன்று.

எஃப்.ஐ.ஆர் ஏன் குறைவு?

"போலீஸ் சோம்பேறித்தனம்" என்று ஒரு வரியில் முடிக்கலாம். அது நியாயம் இல்லை. சட்டத்தையும் நடைமுறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. பிடிவாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. எந்த நிலையத்தின் எல்லையில் நடந்தது என்று பார்க்காமல் தகவலை வாங்க வேண்டும். மின்னணு வழியில் அனுப்பினாலும் வாங்க வேண்டும், அனுப்பியவர் மூன்று நாளுக்குள் வந்து கையெழுத்துப் போட்டால் போதும்.

ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய முடியும் என்கிறது. சட்டம் வந்தபோது டி.எஸ்.பி என்று இருந்தது, பிறகு திருத்தி இன்ஸ்பெக்டர் ஆக்கினார்கள். அப்படியும் எஸ்.ஐ-க்கு அனுமதி இல்லை. ஒரு இன்ஸ்பெக்டர் இந்த 18,000 ரூபாயைத் தேடிப் போனால் என்ன ஆகும்? பணம் முதலில் ஒரு வட மாநிலக் கணக்குக்குப் போயிருக்கும். அங்கிருந்து நான்காகப் பிரிந்து வேறு நான்கு வங்கிகள். அதில் ஒன்று ஏ.டி.எம்மில் எடுத்தது, ஒன்று கிரிப்டோவாக மாறியது. சிம் கார்டு இன்னொருத்தர் பெயரில். ஆப்பை அனுப்பியவர் இருப்பது இன்னொரு மாநிலம். ஒவ்வொரு வங்கிக்கும் கடிதம், பதிலுக்குக் காத்திருப்பு, வெளிமாநிலப் பயணம். 18,000 ரூபாயைத் தேட அதைவிட அதிகமாகச் செலவாகும். அதனால் பெரிய தொகைக்கு வழக்கு, சின்னத் தொகைக்குச் சீட்டு என்று தானாகவே ஒரு வடிகட்டல் நடக்கிறது.

அரசின் புதிய ஏற்பாடும் இதே சாய்வில்தான் தொடங்கியது. 2025 மே மாதம் 'இ-ஜீரோ எஃப்.ஐ.ஆர்' என்ற திட்டத்தை டெல்லியில் சோதனை முயற்சியாக ஆரம்பித்தார்கள். 1930-க்கு வரும் புகார் தானாகவே எஃப்.ஐ.ஆர் ஆகும். நல்ல யோசனை. ஆனால் தொடக்க வரம்பு 10 லட்சம் ரூபாய்க்கு மேல். நம்முடைய மிளகு விவசாயிக்கு அந்தக் கதவு திறக்க ரொம்ப காலம் ஆகும்.

எந்த மாநிலம் மோசம்?

இது தப்பான கேள்வி. ஆனால் ஒவ்வொரு வருடமும் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

2022-இல் தெலங்கானாவில் 15,297 வழக்குகள். தமிழ்நாட்டில் 2,082. மக்கள்தொகையில் தமிழ்நாடு தெலங்கானாவைப் போல சுமார் இரண்டு மடங்கு. ஒரு லட்சம் பேருக்கு என்று பார்த்தால் அங்கே 40, இங்கே 3-க்கும் குறைவு. தெலங்கானாக்காரர்கள் நம்மைவிடப் பதினைந்து மடங்கு ஏமாளிகளா? இல்லை. அங்கே புகாரை வழக்காக மாற்றும் வழக்கம் அதிகம் என்பதுதான் பொருத்தமான விளக்கம். 2023-இல் முதலிடம் கர்நாடகாவுக்கு, 21,889 வழக்குகள். அதில் 17,631 பெங்களூரு நகரத்தில் மட்டும். பெங்களூரில் சம்பளக்காரர்கள் அதிகம், ஆன்லைன் பரிவர்த்தனை அதிகம், புகார் கொடுக்கத் தெரிந்தவர்கள் அதிகம், சைபர் நிலையங்களும் அதிகம். இவை எல்லாம் சேர்ந்த எண் அது.

தமிழ்நாட்டின் வரிசை இன்னும் சுவாரஸ்யம். 2019-இல் 385, 2020-இல் 782, 2021-இல் 1,076, 2022-இல் 2,082. மூன்று வருடத்தில் ஐந்து மடங்குக்கு மேல். இதே காலத்தில்தான், 2021 வாக்கில், மாவட்டத்துக்கு ஒன்று, மாநகரத்துக்கு ஒன்று என்று சைபர் கிரைம் காவல் நிலையங்கள் வந்தன. குற்றமும் கூடியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்ததும் வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள் என்பதும் இதில் இருக்கிறது. அதாவது எண் கூடுவது சில சமயம் நல்ல செய்தி.

இன்னொரு குழப்பமும் உண்டு. மாநில அட்டவணை, வழக்கு பதிவான இடத்தைத்தான் காட்டும். அது பெரும்பாலும் பணத்தை இழந்தவர் இருக்கும் இடம். ஏமாற்றியவர் இருக்கும் இடம் இல்லை. ஜார்க்கண்டின் ஜாம்தாரா பெயர் இந்தியா முழுக்கத் தெரியும். ஆனால் அங்கிருந்து ஏமாற்றப்பட்டவர்கள் எந்தெந்த மாநிலங்களில் புகார் கொடுத்தார்களோ, அந்த மாநிலங்களின் கணக்கில்தான் வழக்குகள் ஏறும். 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரை வந்த புகார்களை ஆராய்ந்த ஐ-ஃபோர்-சி, சுமார் 46 சதவீதம் கம்போடியா, மியான்மர், லாவோஸ் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து இயக்கப்பட்டவை என்றது. வெளிநாட்டு வேலை என்று நம்பிப் போய் அந்த மோசடிக் கூடங்களில் சிக்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. 2022-இல் மியான்மரின் மியாவடியிலிருந்து அப்படிச் சிலரை மீட்டு வந்தது நினைவிருக்கலாம். ஏமாறுகிறவரும் நம் ஆள், மிரட்டலில் ஏமாற்ற வைக்கப்படுகிறவரும் நம் ஆள்.

எண்ணிக்கை ஒரு கதை, தொகை இன்னொரு கதை

2023 வழக்குகளில் 59,526, அதாவது 68.9 சதவீதம், மோசடி நோக்கம் கொண்டவை. பாலியல் சுரண்டல் 4.9 சதவீதம், மிரட்டிப் பணம் பறித்தல் 3.8 சதவீதம். பொதுவாகச் சொன்னால், இந்தியாவில் போலீசுக்கு வரும் சைபர் குற்றம் என்பது பெரும்பாலும் பணத் திருட்டு. சினிமாவில் வருகிற மாதிரி கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் 'ஹேக்கிங்' இதில் சிறு பகுதிதான். உடைக்கப்படுவது மனிதனின் பயமும் ஆசையும். சர்வரை யாரும் தொடுவதில்லை.

மோசடிக்குள்ளேயும் வகைகள் உண்டு. 2024-இன் முதல் நான்கு மாதங்களுக்கு ஐ-ஃபோர்-சி கொடுத்த கணக்கு இது. சராசரி மட்டும் நான் வகுத்துப் போட்டது.

- பங்குச்சந்தை டிரேடிங் மோசடி: 20,043 புகார், ரூ.1,420 கோடி. ஒரு புகாருக்கு சுமார் 7 லட்சம்.
- டிஜிட்டல் அரெஸ்ட்: 4,599 புகார், ரூ.120 கோடி. ஒரு புகாருக்கு சுமார் 2.6 லட்சம்.
- முதலீடு, பகுதிநேர வேலை மோசடி: 62,687 புகார், ரூ.222 கோடி. ஒரு புகாருக்கு சுமார் 35,000.
- காதல், டேட்டிங் மோசடி: 1,725 புகார், ரூ.13 கோடி. ஒரு புகாருக்கு சுமார் 77,000.

இதில் மூன்றாவது வரியைப் பாருங்கள். புகார்கள் மிக அதிகம், தொகை குறைவு. யூடியூப் லைக் போட்டால் காசு, டெலிகிராம் டாஸ்க் முடித்தால் காசு என்று வேலை தேடும் பிள்ளைகளையும் வீட்டில் இருக்கும் பெண்களையும் பிடிப்பது இந்த வகை. தொகையை வைத்து வடிகட்டினால் முதல் இரண்டு வகை மேலே வரும், மூன்றாவது வகை கீழே தங்கிவிடும். ஆனால் 35,000 ரூபாய் என்பது ஒரு டிரேடிங் ஆசாமியின் 7 லட்சத்தைவிடச் சிலருக்குப் பெரிய இழப்பு. மொத்தச் சேமிப்பே அவ்வளவுதான் என்றால், அது நூறு சதவீதம்.

மொத்தத் தொகையும் வேகமாக ஏறுகிறது. 2022-இல் ரூ.2,306 கோடி, 2023-இல் ரூ.7,465 கோடி, 2024-இல் ரூ.22,845 கோடி. 2024-இல் புகார்கள் 22.68 லட்சம், முந்தைய வருடத்தைவிட 42 சதவீதம்தான் கூடுதல். இழப்போ மூன்று மடங்கு. புகார் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த மாற்றம் தெரியாது. அமெரிக்காவிலும் இதே போக்குதான். எஃப்.பி.ஐ-யின் இணையக் குற்றப் புகார் மையத்துக்கு 2023-இல் 8.80 லட்சம் புகார், 1,250 கோடி டாலர் இழப்பு. 2024-இல் புகார் 8.59 லட்சமாகக் குறைந்தது, இழப்பு 1,660 கோடி டாலராகக் கூடியது.

எண்ணப்படாததை எப்படி எண்ணுவது?

பிரிட்டன்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். போலீஸ் பதிவேட்டை மட்டும் நம்பாமல், வீடு வீடாகப் போய் "கடந்த 12 மாதத்தில் உங்களுக்கு இப்படி நடந்ததா?" என்று கேட்கும் ஆய்வு அது. 1982 முதல் நடக்கிறது. 2015-இல்தான் அதில் மோசடி, கணினிக் குற்றம் பற்றிய கேள்விகளைச் சேர்த்தார்கள். 2016 ஜூலையில் வந்த முதல் மதிப்பீடு: இங்கிலாந்து, வேல்ஸில் ஒரு வருடத்தில் 58 லட்சம் மோசடி மற்றும் கணினிக் குற்றங்கள். ஆய்வில் வந்த மற்றக் குற்றங்கள் எல்லாம் சேர்ந்து 63 லட்சம். ஒரு கேள்வித்தாளை மாற்றியதும் நாட்டின் குற்ற அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தெரிந்தது! குற்றம் புதிதாக வரவில்லை. முன்பே இருந்தது, கேட்கவில்லை. மோசடிகளில் ஏழில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் புகாராக வருகிறது என்பதும் அவர்கள் கண்டுபிடித்ததுதான்.

அப்படி ஆண்டுதோறும் நாடு முழுவதும் கேட்கும் ஆய்வு நம்மிடம் இல்லை. அதனால் 15.96 லட்சம் என்பதும் கீழ் எல்லைதான். அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று அளக்க நம்மிடம் கயிறு இல்லை.

மலையிலிருந்து பார்த்தால்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டம். வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று பல நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் ஊர்கள். பெரும்பாலானவர்கள் மலையாளி பழங்குடியினர். மாவட்ட சைபர் கிரைம் நிலையம் கீழே நாமக்கல்லில். சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேந்தமங்கலம் தாண்டிப் போக வேண்டும். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். பணத்தை இழந்தவர் அந்தப் பயணத்தை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும் என்றால், முதல் முறைக்கே யோசிப்பார். ஆக, மலையில் ஒருவர் பணத்தை இழந்தால் அவர் அட்டவணைக்குள் வரும் வாய்ப்பு குறைவு.

ஆனால் இதே ஆள் அட்டவணைக்குள் சுலபமாக நுழைய இன்னொரு வாசல் இருக்கிறது. அதுதான் எனக்குக் கவலை.

வெளிநாட்டுக் கும்பலுக்குப் பணம் வாங்க இந்திய வங்கிக் கணக்கு வேண்டும். தன் பெயரில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கணக்கை வாடகைக்கு எடுப்பார்கள். "உன் அக்கவுண்ட்ல கொஞ்ச நாள் பணம் வந்து போகும், பாஸ்புக், ஏ.டி.எம் கார்டு, சிம் மட்டும் கொடு, அஞ்சாயிரம் தர்றேன்" என்பதுதான் பேரம். இதற்கு மியூல் கணக்கு என்று பெயர். மியூல் என்றால் கோவேறு கழுதை. சுமப்பது மட்டும் அதன் வேலை, சரக்கு யாருடையது என்று அதற்குத் தெரியாது. ஐ-ஃபோர்-சி 2024 செப்டம்பர் 10-இல் சந்தேகப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. 2025 ஜூலை அளவில் அதன் வழியாக வங்கிகளோடு பகிர்ந்துகொண்ட முதல் அடுக்கு மியூல் கணக்குகள் மட்டும் 24 லட்சம். ரிசர்வ் வங்கியும் இந்தக் கணக்குகளைக் கண்டுபிடிக்க மியூல்ஹன்டர் என்ற மென்பொருளை 2024 டிசம்பரில் அறிவித்தது.

போலீஸ் பார்வையில் யோசியுங்கள். ஆப் எழுதியவர் பெயர் தெரியாது. போன் பேசியவர் கம்போடியாவில். பெயர், முகவரி, ஆதார், போட்டோ என்று எல்லாம் முழுசாகக் கிடைக்கும் ஒரே ஆள் கணக்கு வைத்திருப்பவர். அதனால் முதலில் கதவைத் தட்டுவது அவர் வீட்டில்தான். வேறு மாநிலப் போலீஸ் வந்து நிற்கும். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்பது அங்கே எடுபடாது. அஞ்சாயிரத்துக்காக மோசடிக்கு உடந்தை என்ற வழக்கு. கல்லூரிப் பிள்ளையாக இருந்தால் அரசு வேலைக்குப் போகும்போது அது கூடவே வரும். கணக்கு வாடகைக்குத் தேடுபவர்கள், பணத்தேவை இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் வருவார்கள். மலை ஊர்கள் அதற்குப் பொருத்தமானவை. இழந்தால் எண்ணில் வராதவர், கணக்கைக் கொடுத்தால் முதல் ஆளாக எண்ணில் வந்துவிடுகிறார்.

கணக்கைக் கொடுக்காதவருக்கும் சிக்கல் வரலாம். சந்தையில் பலாப்பழமோ அன்னாசியோ விற்று யுபிஐ-யில் பணம் வாங்குகிறோம். அந்தப் பணம் ஒரு மோசடிச் சங்கிலியின் ஐந்தாவது கண்ணி என்றால் நம் கணக்கும் முடங்கலாம். 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் இந்த மாதிரி வழக்குகளில், சந்தேகத்துக்குரிய தொகையோடு முடக்கத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும், கணக்கு முழுவதையும் பூட்டக் கூடாது என்ற வகையில் உத்தரவிட்டது. கணக்கு முடங்கினால் வங்கியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எந்த மாநிலம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை?"

அப்போ என்ன செய்யணும்?

நேரம்தான் எல்லாம். 1930-க்குச் சொன்னதும் உங்கள் வங்கி, அடுத்த வங்கி, அதற்கடுத்த வங்கி என்று பணம் போன வழியிலேயே தகவல் ஓடும். எந்தக் கணக்கில் இன்னும் பணம் நிற்கிறதோ அங்கே பிடித்து வைப்பார்கள். பணம் ஓடுவது நிமிடக் கணக்கில், நாம் சொல்வது நாள் கணக்கில் என்றால் பிடிக்க ஒன்றும் இருக்காது. 2025 ஜூலை வரை இந்த வழியில் நாடு முழுவதும் காப்பாற்றியது ரூ.5,489 கோடி.

பிடித்து வைத்தது உடனே கைக்கு வராது. தமிழ்நாட்டில் 2024 செப்டம்பர் வரையிலான ஒன்பது மாதங்களில் இழப்பு ரூ.1,116 கோடி, முடக்கியது ரூ.526 கோடி, திரும்பக் கொடுத்தது ரூ.48 கோடி. முடக்கியதற்கும் கொடுத்ததற்கும் நடுவில் அப்போது நீதிமன்ற உத்தரவு நின்றது. அதனால் புகாரோடு நிறுத்தாமல் பின்தொடர வேண்டும்.

மலை ஊர்களில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்:

1. தொகை சின்னது என்று விடாதீர்கள். 1930-க்குச் சொல்லுங்கள். டவர் இல்லை என்றால் டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.
2. வங்கிக்கும் மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் சொல்லுங்கள். நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் எடுத்த பணத்துக்கு, அந்தக் கெடுவுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை சொல்கிறது. ஓ.டி.பி-யை நாமே கொடுத்திருந்தால்கூட, புகார் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.
3. நிலையத்தில் சி.எஸ்.ஆர் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, எஃப்.ஐ.ஆர் எப்போது என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்கும் உரிமை உண்டு.
4. கைரேகை வைத்துப் பணம் எடுப்பவர்கள், தேவையில்லாத நேரத்தில் ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக் லாக் போட்டு வையுங்கள். அந்த வழியில் பணம் எடுக்க ஓ.டி.பி கேட்காது, ரேகை மட்டும் போதும்.
5. பாஸ்புக், ஏ.டி.எம் கார்டு, சிம் மூன்றையும் யாருக்கும் வாடகைக்குக் கொடுக்காதீர்கள். சொந்தக்காரர் கேட்டாலும்.

அடுத்த வருடம் இதே நேரம் இன்னொரு அறிக்கை வரும், இன்னொரு தலைப்பு வரும். தமிழ்நாட்டு எண் கூடியிருந்தால் பதறாதீர்கள். குறைந்திருந்தால் கொண்டாடாதீர்கள். பக்கத்திலேயே புகார் எண்ணிக்கையை வைத்து வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு ஐந்து என்பது எட்டாகவோ பத்தாகவோ ஏறியிருந்தால், கீழே எங்கேயோ ஒரு நிலையத்தில் சின்னத் தொகைக்கும் எஃப்.ஐ.ஆர் போட ஆரம்பித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் அந்த எண்ணுக்காகத்தான் காத்திருக்கிறேன்.